சுகர் இருந்தால் செரிமான என்சைமும் குறையுமா?

கேட்டவர்: நிலாமுற்றம்

அப்பாவுக்குப் பல வருஷமா சுகர். மாத்திரைதான், இன்சுலின் கிடையாது. கொஞ்ச நாளா சாப்பிட்டதும் வயிறு உப்புது, இளகலா போகுது. டாக்டர் மலத்துல எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கிற ஒரு என்சைம்) டெஸ்ட் எழுதினார். 160 வந்திருக்கு. 200-க்குக் கீழே என்றால் கணையம் என்சைம் சுரப்பது குறைவு என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கு. சுகருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? என்சைம் காப்சூல் ஆரம்பிக்கணுமா?

பதில்: லேப்காரன்

மேடம், சாம்பிள் எப்படி இருந்துச்சு? தண்ணியா கொடுத்திருந்தா அந்த 160-ஐ நம்பாதீங்க. ஒரு கிராம் மலத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்பதுதான் கணக்கு. தண்ணி கூடினா எண் தானா இறங்கிடும். டப்பாவைச் சாய்ச்சதும் ஓடினா, 'கெட்டியா போற அன்னிக்குக் கொண்டுவாங்க'ன்னு திருப்பி அனுப்பிடுவேன். பலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

சம்பந்தம் நிச்சயம் உண்டு. கணையத்துல இன்சுலின் சுரக்குற திட்டுகள் 1-2 சதவீதம்தான். மீதியில பெரும்பகுதி என்சைம் தயாரிக்கிற செல்கள். திட்டுகளிலிருந்து வர்ற ரத்தம் பக்கத்துல இருக்கிற இந்த செல்கள் வழியாவும் போகுது. அதுல இருக்கிற இன்சுலின் இவற்றுக்கு ஊட்டம் மாதிரி. அது வத்தினா இவையும் சுருங்கும். இன்சுலின் அனேகமா சுரக்காத டைப் 1 சுகர்காரங்களுக்கு ஸ்கேன்ல கணையமே சின்னதா தெரியும். டைப் 2-ல பாதிப்பு பொதுவா அவ்வளவு இருக்காது.

ஆனா கணையத்துக்குக் கையிருப்பு ஏராளம். கொழுப்பைச் செரிக்கிற லைபேஸ் என்சைம் சுரப்பு பத்துல ஒரு பங்குக்கு இறங்கினாத்தான் அது செரிக்காம வெளியே வரும். 160 இரண்டுங்கெட்டான் எண். 100-க்குக் கீழே போனா வேற கதை. அப்பா சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுறாரா?

பதில்: டைப்3சி_ஆள்

எனக்குக் கணைய அழற்சி வந்து, அதுக்கப்புறம் சுகர். நிஜமாவே என்சைம் இல்லன்னா எப்படி இருக்கும்னு சொல்றேன், முகம் சுளிக்காதீங்க. வெளிறிப்போய் மிதக்கும். ஃப்ளஷ் பண்ணினாலும் பீங்கான்ல எண்ணெய்ப் பிசுக்கா ஒட்டிக்கும், தண்ணி மேல படலம் நிற்கும். எடை மளமளன்னு இறங்குச்சு.

காப்சூலை முதல் வாய் சாப்பிடும்போது போடணும், சாப்பாடு நீண்டா நடுவுலயும் ஒண்ணு. கடிக்கக் கூடாது. பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கிறது. அப்பாவுக்கு அதுல ஆட்சேபம் உண்டான்னு முதல்லயே கேட்டுக்குங்க. இன்னொண்ணு, சாப்பிட்டது உடம்புல சேர ஆரம்பிச்சதும் எனக்கு சுகர் ஏறிடுச்சு, இன்சுலின் டோஸைக் கூட்ட வேண்டியதாச்சு.

நிலாமுற்றம்:

நன்றி அண்ணா. எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் இல்லை, எடையும் அப்படியேதான். மெட்ஃபார்மின்தான், சமீபத்துல டோஸ் கூட்டினாங்க. சாம்பிள் தண்ணியாத்தான் இருந்துச்சு.

லேப்காரன்:

அப்போ மெட்ஃபார்மின் மேலதான் எனக்குச் சந்தேகம், வயித்தைக் கலக்குறதுல பேர் போனது. நீங்களா நிறுத்திடாதீங்க. இப்ப சொன்ன எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, மெதுவா கரையுற வகைக்கு மாத்தித் தரலாம். எடை இறங்க ஆரம்பிச்சா மட்டும் தள்ளிப்போடாம காட்டுங்க. வயிறு அடங்கினதும் டெஸ்ட்டைத் திரும்ப எடுங்க.