மாதம் ஒரு நீலப் பம்ப் தீர்கிறது: அம்மாவுக்கு எந்த மருந்து?

மெரேபேங்க் மகள்
அம்மாவுக்கு வயது 58, ஆஸ்துமா. கிளினிக்கில் நீலப் பம்பும் பழுப்புப் பம்பும் தந்தார்கள். பழுப்பில் உடனே ஒன்றும் தெரியவில்லை என்று ஒதுக்கிவிட்டார். நீலம் மாதம் ஒன்று தீர்கிறது. இப்போது தனியார் டாக்டர் புடசோனைடு-ஃபார்மோடெரால் 160/4.5 டர்புஹேலர் (பொடியாக இழுக்கும் கருவி) எழுதி, தினமும் இழுக்கவும், இளைப்பு வந்தால் அதையே இழுக்கவும் சொல்கிறார். சரிதானா?

மருந்துக்கடைக்காரர், ஃபீனிக்ஸ்
சரிதான். நீலத்தில் இருக்கும் சல்புடமால் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தொடாது; அதைக் குறைப்பது பழுப்பில் இருக்கும் ஸ்டீராய்டுதான். 200 இழுப்புப் பம்ப் ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இளைப்புக்கான ஆபத்து கூடும். பன்னிரண்டு என்றால் உயிருக்கே ஆபத்து. 2019 முதல் ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி தனி நீலத்தைப் பரிந்துரைப்பதில்லை.

ஃபார்மோடெரால் சில நிமிடங்களில் கேட்கும், கூடவே புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் போகும். ஆஸ்துமாவின் கடுமைக்கேற்பச் சிகிச்சையை ஐந்து படியாகப் பிரிப்பார்கள். படி 1, 2: தேவைப்பட்டால் மட்டும் ஓர் இழுப்பு. படி 3: காலை ஒன்று, மாலை ஒன்று. படி 4: இரண்டு, இரண்டு. இவற்றிலும் இளைத்தால் கூடுதலாக ஒவ்வொன்று. மொத்தம் நாளுக்கு 12-ஐத் தாண்டக் கூடாது. படி 5-இல் டியோட்ரோபியம் என்ற இன்னொரு மூச்சுக்குழாய் விரிப்பி, அதற்கு மேல் ஊசி மருந்துகள். அது நிபுணர் வேலை.

சால்மெடெரால்-ஃப்ளூட்டிகசோன் பம்பை இப்படி அவசரத்துக்கு இழுக்கக் கூடாது. சால்மெடெரால் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

சுவாச நர்ஸ்
படி ஏற்றுமுன் இழுக்கும் முறையைப் பாருங்கள் தங்கச்சி. பம்பைக் குலுக்கி, மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். டர்புஹேலருக்கு நேரெதிர்: நிமிர்த்திப் பிடித்துத் திருகி, வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஆட்டினால் கேட்கும் சத்தம் மருந்து அல்ல, ஈரம் உறிஞ்சும் பொருள்; காலியான பிறகும் கேட்கும். எண்ணிக்கைச் சாளரத்தைத்தான் நம்ப வேண்டும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் வரும்.

வேறு என்ன மருந்து எடுக்கிறார்? ரிட்டோனாவிர் சேர்ந்த எச்ஐவி மாத்திரை என்றால் புடசோனைடு உடம்பில் தேங்கும். அங்கே பெக்லோமெத்தசோன் என்ற வேறு ஸ்டீராய்டுதான் நல்லது.

மெரேபேங்க் மகள்
மாத்திரை எதுவும் இல்லை அக்கா. கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மட்டும்.

சுவாச நர்ஸ்
அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்! டிமோலால் பீட்டா தடுப்பி. சொட்டு மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், சல்புடமாலையும் மழுங்கடிக்கும். ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. நாளைக்கே கண் டாக்டரிடம் ஆஸ்துமா என்று சொல்லி லடானோபிரோஸ்ட் போன்ற மாற்றுக் கேளுங்கள். மாற்று இல்லாமல் நீங்களாக நிறுத்தினால் கண் அழுத்தம் ஏறிவிடும். இன்றிரவே பேச முடியாதபடி இளைத்தால் காத்திருக்காமல் காஷுவல்டிக்குப் போங்கள்.