ஈஸ்ட் கொழுப்பமில சிந்தேஸ்: படிகம் வருகிறது, 8 ஆங்ஸ்ட்ரத்தைத் தாண்டவில்லை

ரொட்டி ஈஸ்ட்டிலிருந்து, கொழுப்பமிலங்களை உருவாக்கும் கொழுப்பமில சிந்தேஸ் நொதியைப் பிரித்துப் படிகமாக்குகிறேன். ஆறு ஆல்ஃபா, ஆறு பீட்டா புரதச் சங்கிலிகள் சேர்ந்த, 26 லட்சம் டால்டன் எடையுள்ள பீப்பாய் வடிவ மூலக்கூறு அது. நான்கு மாதமாக எக்ஸ்ரே சிதறலின் நுணுக்கம் 8 ஆங்ஸ்ட்ரத்திலேயே நின்றுவிடுகிறது (எண் குறையக் குறையப் படம் கூர்மையாகும்). 2007-இல் இதே நொதியை 3.1 ஆங்ஸ்ட்ரத்தில் பார்த்துவிட்டார்கள். ஆக, குறை என் கையில்தான்.

தூய்மைப்படுத்தல்: அம்மோனியம் சல்பேட் வீழ்படிவு, சுக்ரோஸ் அடர்த்திச் சரிவு, ஜெல் வடிகட்டல். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பீப்பாய்கள் உடையாமல் தெரிகின்றன. 18 டிகிரியில், புரதத்தைப் படிகமாக்க உதவும் பாலிஎதிலீன் கிளைக்கால் கலந்த துளிகளில் ஐந்தாம் நாள் மெல்லிய தகடுகள் முளைக்கின்றன. ஊதினால் உடையும் அப்பளம் போல. படிகத்தை எடுக்கும் சிறு வளையமான லூப்பில் தூக்கும்போதே ஓரம் விரிசல் விடுகிறது.

உறைவிக்கும்போது படிகத்தைக் காக்கும் கிளிசராலை 5 சதவீதத்திலிருந்து 25 வரை படிப்படியாக ஏற்றினேன். வளரும் கொழுப்பமிலத்தைச் சுமந்து செல்லும் அசைல் கடத்திப் புரதம் பீப்பாய்க்குள் ஊஞ்சலாடுவதுதான் வில்லனோ என்று, இந்த நொதியைத் தடுக்கும் செருலெனின் மருந்தும் சேர்த்தேன். பலனில்லை. உறைய வைக்காமல் கண்ணாடி நுண்குழாயில் வைத்து எடுத்த படத்திலும் அதே 8. எனவே உறைவித்தல்மீது பழி போட முடியாது.

பாக்கி இருப்பது, மூலக்கூறுகள் நெருக்கமாக அடுங்கும்படி, பாலிஎதிலீன் கிளைக்கால் செறிவை ஏற்றிப் படிகத்தின் நீரை வற்றவைப்பதுதான். இவ்வளவு பெரிய கூட்டுப்புரதத்தில் அதைச் செய்தவர்கள், பாலிஎதிலீன் கிளைக்கால் செறிவை எத்தனை படிகளில், எத்தனை மணி நேரத்தில் ஏற்றினீர்கள்?