சுவிஸில் ஹொட்டல் முகாமைத்துவம் படிக்க: புதிதாக வந்தவர்களுக்கு

போன கிழமை ஒரு தம்பி கேட்டார்: "ஊரில் ஏ.எல். முடித்துவிட்டு மனைவியோடு சேர வந்திருக்கிறேன் அண்ணா. இங்கே ஹொட்டல் முகாமைத்துவத்தில் டிகிரி செய்யலாமா, இல்லை கோப்பை கழுவத்தான் போக வேண்டுமா?" பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் கேட்டேன். வடிவாகச் சொல்ல அப்போது எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

டிகிரி என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது லவுசானில் 1893இல் தொடங்கிய ஹொட்டல் பள்ளிதான். சுருக்கமாக ஈ.எச்.எல். என்பார்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படிக்கலாம். இங்கே வளர்ந்த பிள்ளை மத்தூரா என்ற உயர்தரப் பள்ளிச் சான்றிதழ், அல்லது தொழிற்கல்வியோடு எடுக்கும் பெரூஃப்ஸ்மத்தூரா வைத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஊர்ச் சான்றிதழோடு வந்தவர் தன் தகுதி எப்படிக் கணிக்கப்படும் என்று பள்ளியிடமே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். கட்டணமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. சுவிஸ் வதிவிடம் உள்ளவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் இடையில் மிகப் பெரிய வித்தியாசம் உண்டு. எந்தத் திகதியிலிருந்து, எந்த அனுமதியோடு இங்கே இருந்தால் குறைந்த கட்டணம் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

அங்கே படித்தாலும் சமையலறையைத் தவிர்க்க முடியாது. ஆயத்த வருடத்தில் சமையல், பரிமாறல் எல்லாம் கையால் செய்து பழகி, ஆறு மாதம் வெளியே வேலைப்பயிற்சிக்கும் போக வேண்டும்.

எங்கள் ஆட்கள் அதிகம் அறியாத வழி ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். தூன், லூசேர்ன் போன்ற இடங்களில் ஹொட்டல் துறைக்கு உயர் தொழிற்பள்ளிகள் உண்டு, சுருக்கமாக ஹா.எஃப். என்பார்கள். சட்டப்படி அது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. ஆனால் அரசு அங்கீகரித்த டிப்ளோமா, இங்குள்ள முதலாளிமாருக்கு நன்றாகத் தெரிந்த டிப்ளோமா. அதற்கு வழக்கமான வாசல் மூன்று வருட லேரே (வேலையிடத்திலும் பள்ளியிலுமாகப் பழகும் தொழிற்பயிற்சி) முடித்துப் பெறும் ஈ.எஃப்.செட். என்ற கூட்டாட்சித் தொழிற்சான்றிதழ். சமையல்காரர், ஹொட்டல் பணியாளர், எதுவானாலும் சரி.

லேரே பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து நான் நான்கு வருடம் வீணாக்கினேன். தொழிற்கல்விச் சட்டவிதியில் 32ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குறைந்தது ஐந்து வருடத் தொழில் அனுபவம் உள்ள பெரியவர், லேரே ஒப்பந்தம் இல்லாமலே இறுதிப் பரீட்சைக்கு அமரலாம். அந்த ஐந்தில் எத்தனை வருடம் அதே துறையில் வேண்டும் என்பதைத் தொழிலுக்குத் தொழில் தனியாக வைத்திருக்கிறார்கள். கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு குளிர் சமையல் பக்கம் மாறி, பகல் வேலை முடிந்து இரவில் ஜேர்மன் பாடம் படித்து, கடைசியில் அந்தப் பரீட்சை எழுதினேன். சான்றிதழ் கைக்கு வந்த மாதமே சம்பளப் படி மாறியது. இத்துறையின் கூட்டு ஒப்பந்தமான எல்-காஃப், குறைந்தபட்சச் சம்பளத்தைச் சான்றிதழைப் பார்த்துத்தான் பல படிகளாக வைத்திருக்கிறது. அதே ஒப்பந்தம் பல பயிற்சிகளின் செலவிலும் பெரும்பங்கைத் தருகிறது. ஒரு சான்றிதழும் இல்லாமல் சமையலறையில் நிற்பவர்களுக்கு புரோக்ரெசோ என்ற குறும்பயிற்சி உண்டு, அதையும் விசாரியுங்கள்.

அகதி அந்தஸ்து அல்லது எஃப் அனுமதி (தற்காலிகமாகத் தங்க விடும் அனுமதி) உள்ளவர்களுக்கு 2018இலிருந்து ஒரு வருட ஒருங்கிணைப்பு முன்-லேரே இருக்கிறது. பிறகு மற்றவர்களுக்கும் அதைத் திறந்தார்கள். மொழியும் வேலையும் ஒன்றாகவே ஓடும்.

கொழும்பிலோ சென்னையிலோ ஏற்கெனவே ஹொட்டல் டிப்ளோமா முடித்தவரா? பேர்னில் இருக்கும் எஸ்.பி.எஃப்.ஐ. என்ற கூட்டாட்சி அலுவலகம், அது இங்கே எந்த மட்டத்துக்குச் சமம் என்று உறுதிக் கடிதம் தரும். மூலப் பிரதி, பாடத்திட்டம், மணிநேர விவரம் மூன்றையும் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு வாருங்கள். பிறகு தபாலில் வரவழைக்க மாதக்கணக்காகும்.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவர், ஊரில் ஒரு முகவர் சொன்னதை நம்பி, காணி விற்ற காசோடு தனியார் ஹொட்டல் பள்ளி ஒன்றுக்கு வந்தார். படிப்பு முடிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழுக்கு இங்கே அரசு அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. நல்ல தனியார் பள்ளிகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பணம் கட்டுமுன் "இந்தப் பட்டத்தைத் தருவது யார், சுவிஸ் கூட்டாட்சி அங்கீகாரம் உண்டா?" என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் காசை வெளியே எடுக்காதீர்கள்.

தம்பிக்கு: முதலில் ஜேர்மன் மொழியை பி1 என்ற நடுத்தர மட்டம் வரை கொண்டுவாருங்கள். அப்புறம் உங்கள் கன்டோனில் (மாநிலத்தில்) உள்ள பிட்ஸ் என்ற தொழில் ஆலோசனை நிலையத்தில் நேரம் எடுத்து, சான்றிதழ்களோடு போய் இருந்து கதையுங்கள். இரண்டு மூன்று ஹொட்டல்களில் ஷ்னுப்பர்ன், அதாவது வேலையைப் பழகிப் பார்க்கும் வாய்ப்பு, கேட்டு, சில நாள் நின்று பாருங்கள். லேரே ஆகஸ்டில் தொடங்கும். நல்ல இடங்கள் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே போகத் தொடங்கிவிடும்.