அப்பா துபாயில் என்று சொல்லி வைத்திருக்கிறோம், இனி எப்படி மாற்றுவது?

சாத்தூர்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் சில மாதங்களாக மதுரை மத்திய சிறையில் ரிமாண்டில் இருக்கிறார். என்ன வழக்கு, யார் மேல் தப்பு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஜாமீன் மனு செஷன்ஸ் கோர்ட்டில் தள்ளுபடியாகிவிட்டது. அக்கா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். பிள்ளைகள் இருவரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவன் யுகேஜி. நான் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் நானும் சேர்ந்து ஏதோ பார்த்துக்கொள்கிறோம்.

அம்மா முதல் நாளே பிள்ளைகளிடம் "அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டார். சின்னவன் அப்படியே நம்புகிறான், அங்கிருந்து சைக்கிள் வருமா என்று கேட்கிறான். பெரியவள் எதுவுமே கேட்பதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. போன வாரம் சின்னவன் என் ஃபோனை எடுத்துக்கொண்டு "அப்பாவுக்கு வீடியோ கால் போடுங்க மாமா" என்று அடம்பிடித்தான். நான் முழித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் "அங்கே இப்போ ராத்திரிடா, அப்பா தூங்குவார்" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். அப்போது மணி காலை பதினொன்று.

உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் மனு பார்க்க, அதாவது சிறையில் அவரை நேரில் சந்திக்க, கூட்டிப்போக வேண்டுமா? அம்மா கூடவே கூடாது என்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்மலை அக்கா:

தம்பி, அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு உங்கள் எல்லோருக்காகவும் அவள் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தை செய்யக்கூடிய வேலையா அது?

என் வீட்டுக்காரர் திருச்சி ஜெயிலில் சில வருஷம் இருந்தார். எங்கள் வீட்டில் "மும்பையில் வேலை" என்று என் மாமியார் சொல்லி வைத்திருந்தார். கிரிக்கெட் விளையாடப் போன இடத்தில் ஒரு பையன் ஃபோனில் செய்திப் படத்தைக் காட்டிவிட்டான். என் மகன் வீட்டுக்கு வந்து அழவில்லை, கத்தவில்லை. அதன் பிறகு நான் எது சொன்னாலும் நம்புவதை விட்டுவிட்டான். பள்ளிக்கூடம் நாளைக்கு லீவு என்று சொன்னால்கூட பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வருவான்.

அதனால் சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்களோ உங்கள் அம்மாவோ சொல்ல வேண்டாம், அக்கா வாயால் வரட்டும். பெரியவளிடம் தனியாக முதலில். நீளமாக எதுவும் வேண்டாம். "அப்பா மேல் ஒரு கேஸ் இருக்கு. கோர்ட்டில் முடிவு தெரியும்வரை ஜெயிலில் இருக்கணும். எப்போ வருவார்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சதும் உன்கிட்ட சொல்லுவோம். நீ எதுவும் செஞ்சதால இது நடக்கலை." அவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அன்றைக்குக் காலையில் அப்பாவோடு சண்டை போட்டதால்தான் போலீஸ் வந்தது என்று நினைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். "தீபாவளிக்கு வந்துடுவார்" என்று மட்டும் யாரும் வாய்விட வேண்டாம். ஜாமீன் தள்ளிப்போனால் அந்தத் தீபாவளியும் போச்சு, உங்கள் பேச்சும் போச்சு. அவரைத் திட்டுவதும் தியாகி ஆக்குவதும் பெரியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

மனு விஷயம். நான் கூட்டிப்போனேன், போனது நல்லதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் தயார் செய்யாமல் போகாதீர்கள். முதலில் அக்கா மட்டும் போய் அவரிடம் சொல்லட்டும்: பிள்ளை வருகிறாள், அவள் முன்னால் அழக்கூடாது, கேஸ் பேச்சு கூடாது, பள்ளிக்கூடம், தோழிகள், சாப்பாடு இதையெல்லாம் கேட்கட்டும். பெரும்பாலான ஆண்கள் பிள்ளையைப் பார்த்ததும் உடைந்துபோய் வக்கீல், பணம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சில நிமிஷம் அதிலேயே கரைந்துவிடும். எங்கள் காலத்தில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம், யார் பேச்சும் கேட்காது. இப்போது பல இடங்களில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இன்டர்காம் வைத்திருக்கிறார்கள். கையைத் தொட முடியாது என்பதையும், சோதனை போடுவார்கள் என்பதையும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். காத்திருக்கும் நேரம்தான் அதிகம். சாப்பிட வைத்து, பாத்ரூம் போக வைத்து, படம் வரைய ஒரு நோட்டு கொடுத்துக் கூட்டிப்போங்கள். திரும்பி வந்த ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம், சின்னவன் படுக்கையை நனைக்கலாம். அதைப் பார்த்து "இனி போகவே கூடாது" என்று உங்கள் அம்மா சொல்வார். பொறுத்துப் பாருங்கள்.

போக முடியாதபோது கடிதம் எழுதச் சொல்லுங்கள். சிறையில் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அதனால் கேஸைப் பற்றி ஒரு வரிகூடக் கூடாது. ஒன்று மட்டும்: வாய்தா நாளில் கோர்ட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். போலீஸ் நடுவே அப்பாவைப் பார்ப்பது வேறு மாதிரி மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

பள்ளியில் வகுப்பு டீச்சருக்கும் தலைமை ஆசிரியருக்கும் மட்டும் சொல்லுங்கள். என் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தாள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. "அப்பாவுக்குக் கடிதம் எழுது" என்று பயிற்சி கொடுத்தபோது வெற்றுத்தாளைத் தந்தாள். தெரிந்திருந்தால் வேறு தலைப்பு கொடுத்திருப்பேன். மற்ற பெற்றோர்களுக்குச் சொல்ல உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவளோடு உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். "அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டம் இல்லை" என்பதும் நல்ல பதில்தான்.

சட்ட உதவித் தன்னார்வலர்:

பணப் பக்கத்தை யாரும் சொல்லவில்லையே. கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேட்டுப் போங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சம்பாதிக்கிறவர் உள்ளே இருப்பதால் பிள்ளைகளைப் பராமரிக்க முடியவில்லை என்று விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். குழு விசாரித்துத்தான் முடிவெடுக்கும், உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

வழக்குக்கு: காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள் இவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், உதவி எண் 15100. செஷன்ஸில் தள்ளுபடியானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. "ஜாமீன் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று ஜெயில் வாசலில் வருகிறவர்களிடம் அக்காவின் தோட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

கரிசல் பையன்:

நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன். பொன்மலை அக்கா சொன்னதில் பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னது எனக்கும் நல்லதுதான். ஆனால் மனுவுக்குப் போவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அம்மா மனசுக்காகப் போனேன். ஒவ்வொரு தடவையும் "வர்றியா?" என்று கேளுங்கள், வரவில்லை என்றால் "அப்பா ஏங்கிப்போவார்" என்று சொல்லாதீர்கள். எனக்கு ஜெயிலைவிடச் சொந்தக்காரர் கல்யாணங்கள்தான் கஷ்டம். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் பேச்சு நின்றுபோகும்.

பொன்மலை அக்கா:

அது சரிதான் தம்பி. கேட்டுக் கூட்டிப்போவதுதான் முறை.

சாத்தூர்காரன்:

நன்றி. அக்காவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவளே பெரியவளிடம் பேசுகிறேன் என்றாள். அம்மா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு சந்தேகம்: சின்னவனிடம் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நீல நிற ஆதார்தான் இருக்கிறது. பின்னால் அவனும் வருகிறேன் என்றால் அது போதுமா?

பொன்மலை அக்கா:

கூடவே பிறப்புச் சான்றிதழ் நகலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். ஐந்து வயது முடிந்திருந்தால் எப்படியும் ஆதாருக்குக் கைரேகை பதிய வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதும் கேட்பார்கள், அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.