பழைய ரிவால்வர்: ஹேமர் (சுத்தியல்) விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை

மாறன்38:
அவசரம். ஞாயிற்றுக்கிழமை போட்டி. அப்பாவிடமிருந்து வந்த பழைய ரிவால்வர். ஆறில் ஒன்றிரண்டு வெடிப்பதில்லை, டிக் என்று சத்தம் மட்டும். எண்ணெய் போட்டுத் துடைத்தாயிற்று. என்ன செய்யலாம்?

தோட்டாப்பெட்டி:
எந்த மாடல்? தோட்டா வாங்கியதா, நீங்களே நிரப்பியதா? வெடிக்காததன் ப்ரைமரில் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும், தோட்டாவின் அடியிலுள்ள சிறு மூடி) தழும்பு எப்படி இருக்கிறது?

நெல்லிமரம்:
ப்ரைமர் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். மயிரிழை துருத்திக்கொண்டிருந்தாலும் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். அதே தோட்டா இரண்டாவது அடிக்கு வெடிக்கிறதா?

பழையபட்டறை:
இதே கேள்வி இங்கே பத்து முறை வந்தாயிற்று. தேடிப் பார்க்கக்கூட நேரமில்லையா தம்பி? ஹேமரைக் கையால் பின்னே இழுத்துவைத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷனில் தவறுகிறதா, விசையை மட்டும் இழுத்துச் சுடும் டபுளிலா என்பதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. டபுளில் ஹேமர் அவ்வளவு தூரம் பின்னால் போவதில்லை, அடி மெலிந்துதான் விழும். அதில் மட்டும் தவறினால் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

மாறன்38:
மன்னிக்கவும் சார். ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10, 38 ஸ்பெஷல். பெட்டியில் வாங்கிய தோட்டா. டபுளில் மட்டும்தான். தழும்பு நடுவில்தான் விழுகிறது, ஆனால் ஆழமில்லை. டிக் என்றதும் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திறந்து எடுத்துவிடுகிறேன்.

மணல்மேடு:
ஐயோ, உடனே திறக்காதீர்கள்! சில தோட்டாவில் மருந்து தாமதித்துப் பற்றும். குழலை இலக்கை நோக்கியே பிடித்து 30 விநாடி நில்லுங்கள், அப்புறம் திறங்கள்.

நெல்லிமரம்:
போட்டியில் யார் 30 விநாடி நிற்பார்கள்? விசையை மறுபடி இழுத்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

மணல்மேடு:
அதுதான் என் பயமே. சிலிண்டர் சுழன்ற பிறகு அந்தத் தோட்டா வெடித்தால், எதிரே குழல் இருக்காது. ஒரு சுற்று தோற்றால் போகிறது, கை முக்கியம்.

பழையபட்டறை:
நான் சுட ஆரம்பித்த நாளிலிருந்து தாமத வெடி பார்த்ததில்லை.

மணல்மேடு:
நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முறை போதும்.

தோட்டாப்பெட்டி:
மாறன், விஷயத்துக்கு வருவோம். தோட்டா ஒன்றுகூட உள்ளே இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பிடிச் சட்டத்தின் முன்பக்கம், கீழே ஒரு திருகு இருக்கும். ஹேமரைத் தள்ளும் பட்டை மெயின்ஸ்பிரிங்கை வளைத்து நிறுத்துவது அதுதான். கடைசிவரை இறுகியிருக்க வேண்டும். விசை இலகுவாகட்டும் என்று சிலர் அதைத் தளர்த்துவார்கள், இன்னும் சிலர் நுனியையே அராவிவிடுவார்கள். என்னிடம் வந்த ஒன்றில் பழைய திருகைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், ஒரு நகத்தின் கனம் குறைவு. அதற்கே ஆறில் ஒன்று தவறியது.

திருகு சரியாக இருந்தால் சிலிண்டரை மூடிவைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் அதிகமென்றால் அடியின் வேகத்தில் ஒரு பங்கு சிலிண்டரை முன்னே தள்ளுவதில் போய்விடும். பக்கத் தகட்டுக்குள் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருந்தாலும் ஹேமர் மந்தமாகும். மேலே எண்ணெய் ஊற்றினால் அது போகாது.

மாறன்38:
திருகு ஒன்றரைச் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கினேன். டபுளில் 48 சுட்டேன், எல்லாம் வெடித்தது. நன்றி அண்ணா.

நெல்லிமரம்:
அதே பெட்டித் தோட்டாவா, வேறா?

தோட்டாப்பெட்டி:
சிலிண்டர் ஆட்டத்தையும் பார்த்தீர்களா மாறன்?