பிட்டை ஏற்றியும் கொலுசு விளம்பரம் பக்கத்தின் அடியிலேயே நிற்கிறது, என்ன செய்யலாம்?

வெள்ளிக்கண்ணி:
வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். வெளியூர் நகைக்கடைக்காரர்களுக்காக கூகுள் ஆட்ஸில் சர்ச் விளம்பரம் ஓடுகிறது. தினசரி பட்ஜெட் 400 ரூபாய். கிளிக்குக்கு 18 ரூபாய் என்றிருந்த பிட்டை, அதாவது ஏலத் தொகையை, 35 ஆக்கியாச்சு. அப்படியும் தேடல் முடிவுகளுக்குக் கீழேதான் வருது. மதியத்துக்கு மேல் என் போனில் தேடினால் கண்ணிலேயே படுறதில்லை. கொலுசு, மெட்டி, அரைஞாண், வெள்ளி விளக்கு எல்லாம் ஒரே ஆட் குரூப், பிராட் மேட்ச் (தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் காட்டும் முறை). கிளிக் பண்ணினால் வெப்சைட் முகப்புக்குப் போகும். இன்னும் எவ்வளவு ஏற்றணும்?

ஐந்துரோடு:
ஏற்றாதீங்க. இடத்தைத் தீர்மானிப்பது ஆட் ரேங்க். அதில் பிட் ஒரு பங்குதான். கிளிக் விழும் வாய்ப்பு, தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், இறங்கும் பக்கத்தின் தரம், சைட்லிங்க் (விளம்பரத்துக்குக் கீழே வரும் கூடுதல் இணைப்பு) மாதிரியான அசெட்கள் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. மேல் இடத்துக்குத் தனி வரம்பே உண்டு. அதை எட்டாவிட்டால் போட்டிக்கு ஆளே இல்லாத நேரத்திலும் கீழேதான் நிற்கணும்.

ரிப்போர்ட் காலம்ஸில் ‘சர்ச் லாஸ்ட் டாப் இம்ப்ரெஷன் ஷேர்’ (மேல் இடத்தில் விளம்பரம் தெரியாமல் தவறிய பங்கு) என்று ரேங்குக்கு ஒன்றும் பட்ஜெட்டுக்கு ஒன்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ரேங்க் பக்கம் அதிகம் என்றால் கோளாறு விளம்பரத்தில், பட்ஜெட் பக்கம் அதிகம் என்றால் காசு பாதியிலேயே தீருது. 35 ரூபாய் வீதம் போனால் 400 ரூபாய்க்கு 11 கிளிக்தான். பிட்டை ஏற்ற ஏற்ற மதியம் காணாமல் போவதும் கூடும்.

உங்க போனில் தேடிப் பார்ப்பதை இன்றோடு விடுங்க. கிளிக் செய்யாமல் திரும்பத் திரும்பத் தேடினால் கூகுள் உங்களுக்குக் காட்டுவதையே நிறுத்திடும், வீணான இம்ப்ரெஷனும் ஏறும். அதற்கென்றே உள்ளேயே ‘ஆட் ப்ரிவியூ’ இருக்கு.

சேர்வராயன்:
பிராட் மேட்ச்தான் பெரிய ஓட்டை. என்னென்ன தேடலுக்கு விளம்பரம் வந்தது என்று காட்டும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறங்க. ‘இன்றைய வெள்ளி விலை’, ‘கவரிங் கொலுசு’, ‘கொலுசு டிசைன் படம்’ என்று வந்து நிற்கும். இவங்க கிளிக் பண்ணினால் காசு போச்சு, பண்ணாவிட்டால் கிளிக் விகிதம் போச்சு.

நெகட்டிவ் (விளம்பரம் வரக்கூடாத தேடல் சொல்) போடும்போது ஒரு கவனம். ‘விலை’ என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டால் ‘கொலுசு மொத்த விலை’ என்று தேடும் கடைக்காரரையும் சேர்த்து அடைச்சிடும். ‘இன்றைய வெள்ளி விலை’ என்று ஃப்ரேஸாக, அதாவது அதே வரிசையில் சேர்ந்த சொற்களாக, போடுங்க. நெகட்டிவ், ஒரே பொருள் தரும் வேறு சொல்லைத் தானாகப் பிடிக்காது. அதனால் ‘இன்றைய வெள்ளி ரேட்’ தனியாக, தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று.

கொலுசுக்குத் தனி ஆட் குரூப் வைத்து, ‘கொலுசு மொத்த விலை’, ‘சேலம் கொலுசு ஹோல்சேல்’ மாதிரி ஐந்தாறு வார்த்தைகள் மட்டும் ஃப்ரேஸ், எக்ஸாக்ட் மேட்சில் (பிராட்டை விட நெருக்கமான தேடலுக்கு மட்டும் காட்டும் முறைகள்) போதும். விளம்பரத்தில் 15 தலைப்பு வரை கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்து. ‘குறைந்தது 1 கிலோ’ மாதிரி உங்க அளவு எதுவோ அதை ஒரு தலைப்பில் போட்டால் ஒரு ஜோடி வாங்க வருபவர் கிளிக் பண்ணாமலே நகர்ந்துடுவார். ‘ஆட் ஸ்ட்ரெங்த்’ (விளம்பரத்துக்கு கூகுள் காட்டும் மதிப்பீடு) பச்சையாகணும் என்று பொருந்தாத தலைப்புகளைத் திணிக்காதீங்க, அது ஏலக் கணக்கில் வராது.

வெள்ளிக்கண்ணி:
நன்றிங்க. மெட்டி, விளக்கை நிறுத்திடட்டுமா? இறங்கும் பக்கத்தில் என்ன வைக்கணும்?

ஐந்துரோடு:
நிறுத்துங்க. 400 ரூபாயை நாலாகப் பிரித்தால் எதுவும் தேறாது.

கொலுசு மொத்த விற்பனைக்கென்று ஒரே ஒரு பக்கம். நாலைந்து மாடல், ஒவ்வொன்றுக்கும் ஜோடி எடை கிராமில், எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை), கிலோவுக்கு என்ன கூலி, குறைந்த ஆர்டர், பார்சல் எப்படிப் போகும் என்பது. மொத்தமாக வாங்குபவர் முதலில் தேடுவது டச்சும் கூலியும்தான், அதை மறைத்து ‘தொடர்பு கொள்ளவும்’ என்று மட்டும் போட்டால் அடுத்த கடைக்குப் போயிடுவார். போன், வாட்ஸ்ஆப் பொத்தான் மேலேயே தெரியணும். கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் 4 எம்பி வரும், மொபைலில் பக்கம் திறக்கவே நேரமாகும். 1200 பிக்ஸல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் 150 கேபிக்குள் கொண்டு வாங்க.

சேர்வராயன்:
இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற வெப்சைட், ஆப்களில் விளம்பரம் காட்டுவது) டிக் இருந்தால் எடுத்துடுங்க. லொகேஷனில் ‘ப்ரெசென்ஸ்’ (குறித்த ஊரில் இருப்பவர்) மட்டும் வைங்க, இல்லாவிட்டால் நீங்க குறிக்காத ஊரில் இருப்பவருக்கும் போகும்.

மேலே வரணும் என்ற அவசரத்தில் ‘டார்கெட் இம்ப்ரெஷன் ஷேர்’ பிட்டிங்குக்கு மாறாதீங்க. அது இடத்தைப் பிடிக்கும், விசாரணை வருதா என்று பார்க்காது. வைத்தே ஆகணும் என்றால் அதிகபட்ச பிட் வரம்பைப் போட்டுடுங்க. போன், வாட்ஸ்ஆப் கிளிக்கை கன்வெர்ஷனாக (விளம்பரத்தால் கிடைத்த பலனாக) எண்ண வைப்பதுதான் முதல் வேலை.

மாற்றியபின் இரண்டு வாரம் கை வைக்காமல் விடுங்க. குவாலிட்டி ஸ்கோர் (வார்த்தைக்கு கூகுள் தரும் தர மதிப்பெண்) கட்டத்தில் வெறும் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்த வார்த்தைக்குப் போதிய தேடல் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.