ரேத்போன் ஹோம்ஸ் படம்: தெளிவான பிரதி வேண்டும்

பேசில் ரேத்போன் ஹோம்ஸாக நடித்த 'ஷெர்லாக் ஹோம்ஸ் அண்ட் தி சீக்ரெட் வெப்பன்' படத்தை அடுத்த மாதம் மதுரையில் எங்கள் சிறு திரைப்படக் குழுவில் திரையிட வேண்டும். சுவிஸ் விஞ்ஞானியின் குண்டுவீச்சுக் குறிபார்ப்புக் கருவியை நாஜிகளிடமிருந்து காப்பாற்றும் கதை. யுனிவர்சல் தயாரிப்பு, ராய் வில்லியம் நீல் இயக்கம், கருப்பு வெள்ளை. ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியாக வரும் லயனல் ஆட்வில்லுக்காகவே பார்க்கலாம்.

என்னிடம் உள்ள பிரதியில் இருட்டுக் காட்சிகள் எல்லாம் ஒரே கரி. குறிப்பேட்டின் அடுத்த தாளில் பதிந்த தடத்தை வைத்து ஹோம்ஸ் சங்கேதத்தை மீட்கும் இடத்தில், சங்கேத எழுத்துகளான ஆடும் குச்சி மனிதர்கள் வெறும் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். அந்தக் காட்சிதானே படத்தின் உயிர்!

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பார்த்தேன், பெரும்பாலும் இதே தேய்ந்த பிரதிதான். வண்ணம் பூசியதும் உண்டு, முகமெல்லாம் மெழுகு மாதிரி இருக்கிறது, வேண்டாம். ஆங்கில சப்டைட்டில் தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகுகிறது. அப்புறம், யுசிஎல்ஏ (அமெரிக்கப் பல்கலைக்கழகம்) திரைப்பட ஆவணக் காப்பகம் புதுப்பித்த பதிப்பின் அமெரிக்க டிவிடியை நண்பரிடம் வாங்கிப் போட்டேன். டிவிடிகளுக்கு விற்கும் பகுதிவாரியாகப் பூட்டு உண்டே: அது ரீஜன் 1 (அமெரிக்கா), என் பிளேயர் ரீஜன் 5 (இந்தியா). திரையில் பிழைச் செய்தி மட்டும்தான்.

இந்தப் புதுப்பித்த கருப்பு வெள்ளைப் பதிப்பை, இந்திய பிளேயரில் ஓடும் வடிவில், முறைப்படி எங்கே வாங்கலாம்?